மூத்தவள் வைத்த விலை

என் தொழில் தையல். ஒரு பெண் வாசற்படி ஏறி உள்ளே வருவதற்குள் அவளுக்கு மார்பு எத்தனை, இடுப்பு எத்தனை என்று கண்ணாலேயே அளந்துவிடுவேன். டேப் வைத்துப் பார்த்தால் கால் அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மரக்காணத்தில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் மூன்று மாதம் என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. குடியிருந்த வீட்டுக்கு நானே விலை வைக்க வேண்டி வந்தபோதுதான் அது அடங்கியது.

வீடு அப்பா கட்டியது. உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். பதினெட்டடி அகலம், அறுபதடி நீளம். முன்னறை, நடு அறை, சமையற்கட்டு, பின்னால் துணி துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும். மேலே தளம் போட்ட வீடு. என் கணவர் லாரி மோதிப் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது, பிள்ளை இல்லை. ஒரு தையல் மிஷினும் இரண்டு பெட்டியுமாக இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். முன்னறையைக் கடையாக்கிக்கொண்டேன். தெருவைப் பார்த்த ஜன்னலோரத்தில் மிஷினைப் போட்டுப் பதினெட்டு வருடம் தைத்தேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைசிவரை செய்ததெல்லாம் அங்கேதான்.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பொம்மையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவனைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அப்பாவின் காரியம் முடிந்த மறு வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மனிதர். வீடு இரண்டு பேருக்கும் சரிபாதி, அதில் எனக்கும் சண்டை இல்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் பதினெட்டடி வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பதடியில் ஒரு சந்துதான் மிஞ்சும். அதில் கட்டில் போட்டால் மனுஷன் நடக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் சொத்துப் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் கூறு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். எது தனக்கு வரும் என்று தெரியாததால் மூத்தவர் ஒழுங்காகப் போடுவார். நிலமாக இருந்தால் வரப்பைக் காட்டி இரண்டு கூறு போட்டுவிடலாம். ஒற்றை வீட்டை என்ன செய்வது? மாமா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"ஏம்மா, நீ மூத்தவ. நீ இந்த வீட்டுக்கு ஒரு வெல வை. அந்த வெலைக்கு வீட்ட எடுத்துக்கினு உனக்குப் பாதி குடுக்கறானா, இல்ல வீட்ட உனக்கே உட்டுட்டுப் பாதி வாங்கிக்கினு போறானான்னு அவன் சொல்லட்டும். ஒரு தபா வெல சொல்லிட்டா மாத்தக் கூடாது. அவனும் சொன்னா மாறக் கூடாது. இன்னாடா?"

"சரி மாமா" என்றான் தம்பி. நானும் சரி என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது! மாமா கிளம்பிப் போன பிறகு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அதிலிருந்த சிக்கல் தெரிந்தது. குறைத்துச் சொன்னால் அவன் வீட்டை எடுத்துக்கொள்வான், நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். கூட்டிச் சொன்னால் "நீயே வெச்சிக்கோ" என்பான், பாதிப் பணத்துக்கு நான் எங்கே போவேன்? என்னால் புரட்ட முடிந்தது எட்டு லட்சம். நகையும் சீட்டுப் பணமும் சேர்ந்து மூன்றரை, மீதி நாலரைக்கு வீட்டின் மேல் பேங்க் கடன். ஆக, வீட்டின் விலை பதினாறு லட்சத்துக்கு மேல் போனால் எனக்கு வீடு இல்லை. பதினாறுக்கு ரொம்பக் கீழே போனாலும் இல்லை. மாமா மூன்று வாரம் டைம் கொடுத்திருந்தார்.

சரி, ஊரில் விலையை விசாரிப்போம் என்று கிளம்பினேன். இங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளைகள் வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று தெருவில் பேசுவார்களே என்று கூச்சமாக இருந்தது. அதனால் பார்த்தவர்களிடமெல்லாம், "எனக்குத் தெரிஞ்ச கஸ்டமர் ஒருத்தவங்க, பாண்டிச்சேரில இருக்காங்க, இந்தப் பக்கம் வீடு பாக்கறாங்க, அதான் கேக்கறேன்" என்றேன். அந்தக் கஸ்டமரைப் பெற்றெடுத்தது நான்தான். கண்ணாடி போட்ட ரிட்டயர்ட் டீச்சர் என்றுகூட ஒருத்தியிடம் சொன்னேன். ரவிக்கை அளவு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு போன வருடம்தான் கைமாறியது. எங்கள் வீட்டின் அதே அளவு, அதே தளம். இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது என்று முதலில் அங்கேதான் ஆரம்பித்தேன். விற்றுவிட்டுத் திண்டிவனத்துக்குப் போன அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். பதினெட்டுக்குக் கொடுத்தோம் என்றார். வாங்கியவரின் மனைவி என்னிடம் தைக்கிறவள். ஊக்கு வைத்துக்கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். பதிமூன்றரை என்றாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்திரம் எழுதுகிறவரிடம் விசாரித்தால் ஏழு. விற்றவருக்குக் கௌரவம், வாங்கியவருக்குக் கண்ணேறு பயம், பத்திரத்துக்கு முத்திரைச் செலவு. அவரவர் சௌகரியத்துக்கு ஒரு விலை. இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

அடுத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற புரோக்கரிடம் போனேன். வீடு எத்தனை அடி, எத்தனை அறை என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. எந்தத் தெரு வேணுமாம்? பார்ட்டி இன்னா ஆளுங்க?"

அவர் சொல்லச் சொல்லத்தான் ஒரே ஊருக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்று தெரிந்தது. ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டியிருந்தால் சதுர அடிக் கணக்கு. அங்கே வீட்டுக்கு விலையே இல்லை, மண்ணுக்குத்தான் விலை. வாங்குகிறவன் முதல் வேலையாக வீட்டை இடிப்பான். கடைத்தெருவில் வாடகை என்ன வரும் என்பதை வைத்துக் கணக்கு. குப்பத்தில் வீட்டைப் பத்திரம் போட்டு விற்பதில்லை, அவர்களுக்குள் பஞ்சாயத்தில் பேசிக் கைமாற்றுவார்கள், வெளியாள் பணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் நடக்காது. ஏரிக்கரையைத் தாண்டிக் காலனியில் இதே சிமெண்டு, இதே கம்பி, இதே கொத்தனார் கட்டிய வீடு பாதி விலைக்குப் போகும். ஏன் பாதி என்று புரோக்கரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டிவிட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

"உங்க தெரு இருக்குதே, அது ரெண்டுங்கெட்டான்க்கா. ரோட்டுக்கும் இல்ல, கடைத்தெருவுக்கும் இல்ல. உப்பு வேற. ஆள் வந்தாதான் வெல. வரலன்னா இல்ல" என்றார் புரோக்கர்.

உப்பு வேறு என்று அவர் சொன்னது உண்மைதான். எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சுவரும் இடுப்பளவுக்குக் கீழே சுவராக இருக்காது. வெள்ளையாகப் பூத்துப் பொரிந்து, விரல் வைத்தால் மாவாக உதிரும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பூச வேண்டும். அப்பா இருந்தவரை அவர்தான் பூசினார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டை நான் ஒரு வாங்குகிறவளாகச் சுற்றி வந்தேன். நடு அறைச் சுவரில் உப்பு தோள்வரை ஏறியிருந்தது. சமையற்கட்டில் தளத்துக் கம்பி வெளியே தெரிந்தது. மழைக்கு அங்கே பாத்திரம் வைப்போம். எத்தனை வருடமாகக் கண்ணெதிரே இருப்பதுதான். விலை போடும் கண்ணோடு பார்த்தபோதுதான் முதல் தடவையாக அசிங்கமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன். பின்வாசலில் நின்றபோது அழுகை வந்துவிட்டது. என் வீட்டை நானே குறை சொல்லிக் குறை சொல்லிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒன்பது பேரிடம் கேட்டேன். பதிமூன்று முதல் இருபதுவரை சொன்னார்கள். வெட்டியும் ஒட்டியும் பார்த்ததில் நியாயமாகப் பட்டது பதினாறு. என்னால் முடிந்ததும் பதினாறு. அதைச் சந்தேகப்பட்டேன், என் கைக்கு ஏற்றாற்போல் கணக்கை வளைத்துவிட்டேனோ என்று. மறுபடி முதலிலிருந்து போட்டேன். பதினாறுதான் வந்தது. சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துவைத்துவிட்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அதே புரோக்கர் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். ரவிக்கை தைக்க வந்தவர் மாதிரி உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, உங்களுக்கு வேண்டி சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. பாண்டிச்சேரி பார்ட்டி ஒண்ணு உங்க தெருவுலயே நாலஞ்சு வீடு பாக்குதாம். கம்பெனியாம். தங்கறதுக்கு ரூம் ரூமா கட்டி வாடகைக்கு உடப் போறாங்களாம். யாரு வந்து கேட்டாலும் இருபத்தி ரெண்டுக்குக் கீழ வாயத் தொறக்காதீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பெற்ற ரிட்டயர்ட் டீச்சர் இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து கம்பெனியாகித் திரும்பி என் வீட்டுக்கே வந்து நிற்கிறாள்! "அப்படியா, சரிங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அப்போதே "யோவ், அப்படி யாரும் இல்ல, நான் சும்மா சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார், வீடு பிரிக்கிற கதையைச் சொல்ல வேண்டி வரும். அந்த ஒரு டீயோடு அது முடிந்துபோகும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார். தம்பியும் அவன் மனைவியும் பைக்கில் வந்தார்கள். அவளுக்குக் கிளியனூர், நல்ல குடும்பத்துப் பெண், என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பாள். நடு அறையில் பாய் போட்டு உட்கார்ந்தோம். அப்பா படத்துக்கு முன்னால் மாமா ஒரு சூடம் ஏற்றினார்.

"சொல்லும்மா."

பதினாறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபது நாளாக மனதுக்குள் உருப்போட்ட எண் அது. ஆனால் அந்த நேரத்தில் தம்பி மனைவி அண்ணாந்து தளத்தில் இருந்த விரிசலைப் பார்த்தாள். முகத்தை ஒரு மாதிரி சுளித்தாள். இவர்களுக்கு இந்த வீடு வேண்டாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தம்பி எத்தனையோ தடவை "அய்ய, இந்த உப்புல யாருக்கா இருப்பா" என்று சொன்னவன். எப்படியும் எனக்கு விட்டுவிடத்தான் போகிறான், அப்படியிருக்க ஒரு லட்சம் குறைத்துச் சொன்னால் என் கடனில் ஐம்பதாயிரம் மிச்சம். ஐம்பதாயிரம் என்றால் எத்தனை ரவிக்கை! இத்தனையும் ஒரு மூச்சுக்குள் ஓடி முடிந்தது.

"பதினஞ்சு" என்றேன்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"நான் எடுத்துக்கறேன் மாமா" என்றான்.

மாமாவே எதிர்பார்க்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடினார், திறந்தார். "டேய், நல்லா யோசிச்சுச் சொல்றியா?" என்றார். "யோசிச்சுத்தான் மாமா" என்றான். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "சரிடா" என்று நான் சொன்னதாக மாமா பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை.

சமையற்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி பின்னாலேயே வந்தாள். "அண்ணி, அந்தப் பாண்டிச்சேரி கம்பெனிக்காரங்க இந்த மாசமே வர்றாங்களாமா? எங்க அம்மா வீட்டாண்ட கூட பேசிக்கிறாங்க. இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு தருவாங்களாமே?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கிளியனூர்வரை போய்விட்டது என் டீச்சர். துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன். நடு அறையில் பேச்சு முடிந்துவிட்டது. சொன்னால் மாறக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார்ந்தோம். இப்போது போய் "அப்படி ஒரு ஆளே கிடையாது" என்று சொன்னால், வீடு கைவிட்டுப் போன ஆத்திரத்தில் பேசுகிறேன் என்பார்கள். சொல்லாவிட்டால் தம்பி பாழாய்ப் போவான். டீயை அவளே வாங்கிக் கிளாஸில் ஊற்றினாள்.

மறுநாள் பஸ் பிடித்துப் பொம்மையார்பாளையம் போனேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். வாசலிலேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னேன், டீச்சர் எப்படிக் கம்பெனி ஆனாள் என்பதுவரை.

"அப்படி ஒரு ஆளே இல்லடா. நான் வாயில வந்ததச் சொன்னேன். என்மேல சத்தியமா."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. "போக்கா. உனக்கு வீட்ட உட மனசு வரல, எனக்குத் தெரியாதா? நான் இன்னா உன்ன உடனே போன்னா சொல்றேன்? மூணு மாசம் இரு, நல்ல இடமா பாரு" என்றான். உள்ளே கூப்பிட்டு இட்லி சாப்பிடச் சொன்னான். நான் பதினாறு என்று நினைத்திருந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டேன்.

கடன் வாங்கி, மனைவியின் நகையை வைத்து, ஏழரை லட்சத்தைப் பேசின நாளுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டான். என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கையில் என் மூன்றரையும் சேர்த்துப் பதினொன்று இருந்தது. இந்த ஊரை விட்டால் என் கஸ்டமர் யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை, அதனால் இங்கேயே வீடு தேடினேன்.

எங்கே போனாலும் அதே பாட்டு. "பாண்டிச்சேரி பார்ட்டி வருதாமேம்மா, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு இருக்கறோம்." எட்டு லட்சத்துக்கு விற்றிருக்க வேண்டிய வீட்டுக்குப் பன்னிரண்டு சொன்னார்கள். முதலில் எட்டு என்றவர்களும் நான் போய் நின்றதும் பத்து என்று மாறினார்கள். நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பார்ட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல, நம்பாதீங்க" என்றால், "உனக்கு விலையக் கொறைக்கணும், அதுக்குச் சொல்றே" என்று சிரித்தார்கள். பொய்யை ஒன்பது பேரிடம்தான் சொன்னேன், ஊர் முழுக்க நம்பியது. உண்மையை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

மூன்று மாதமும் ஓடிவிட்டது. கடைசியில் திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், சிமெண்டு ஷீட் போட்ட இரண்டு அறை. முன்பு எட்டுக்குப் போயிருக்கும். பதினொன்றைக் கொட்டி வாங்கினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் ஏறினால் ஷீட்டுக்குக் கீழே மிஷினில் உட்கார முடியாது. தீபாவளிக்கு நாற்பது ரவிக்கை வருகிற இடத்தில் பதினொன்றுதான் வந்தது. சந்துக்குள் யார் வருவார்கள்?

பழைய வீட்டைத் தம்பி பூட்டிப் போட்டான். சாவி என்னிடம்தான். பார்க்க ஆள் வந்தால் நான்தான் போய்த் திறந்து காட்ட வேண்டும். அப்படி ஒரு வேலை என் எதிரிக்கும் வர வேண்டாம். வந்தவர்கள் சுவரைத் தட்டுவார்கள், உதிர்கிறதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். மழைக்காலம் ஒன்று ஆள் இல்லாமல் போனதில் உப்பு நடு அறையில் தலைக்கு மேல் ஏறிவிட்டது. முன்னறையில் என் மிஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு குழி தெரியும், அதை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போவேன். தம்பி முதலில் இருபத்திரண்டு சொன்னான், பிறகு இருபது, பிறகு பதினேழு. புரோக்கர் என்னைக் கண்டால் டீக்கடைக்குள் போய்விடுகிறார்.

மாதா மாதம் தவணை கட்டிக் கட்டித் தம்பி இளைத்துவிட்டான். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, சட்டை காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறான் என்று அவன் மனைவி சொன்னாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

போன மாதம் மீனுக்கு ஐஸ் போடுகிற ஒருவர் வீட்டைப் பார்த்தார். தளத்தை இடித்துவிட்டு ஐஸ் பெட்டிகளை அடுக்கக் கொட்டகை போடப் போகிறாராம். பன்னிரண்டு என்றார், பேசிப் பதிமூன்றுக்கு வந்தார். தம்பி நேரில் வந்தான். ஐஸ்காரர் பின்பக்கம் போய் முருங்கை மரத்தை வெட்ட எத்தனை நேரம் ஆகும் என்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் வெறும் முன்னறையில் நின்றோம். உட்கார ஒன்றும் இல்லை.

"இன்னாக்கா செய்யலாம்? நீ சொல்லு" என்றான்.

"நான் சொல்லி இன்னாடா ஆவப்போவுது?"

"இல்லக்கா. நீதான் சொல்லணும். நீ சொல்றதுதான் சரியா இருக்குது." தரையில் என் மிஷின் நின்ற குழியைக் கால் விரலால் துழாவினான். பிறகு சொன்னான். "அன்னைக்கு வரும்போது பைக்லயே பேசிக்கினுதான் வந்தோம். ஊர்ல இருபத்தி ரெண்டு பேசினாலும் நம்ம அக்காதானே, நீ பதினாறு சொன்னா வீட்ட உனக்கே உட்டுடறதுன்னு. அதுக்குக் கீழ சொன்னா நம்மள ஏமாத்தறா, எடுத்துக்கலாம்னு. நீ பதினஞ்சு சொன்ன. நீ கொறச்சுட்டேன்னு நெனச்சேன். எனக்கு அவ்ளோ கோவம். ஆனா நீ சரியாத்தான் சொல்லியிருக்க, ஜாஸ்தியாவேதான் சொல்லியிருக்க. பதிமூணுக்கே நாயா அலையறோம். அந்தப் பார்ட்டி இல்லன்னு சொன்ன, அதையும் நம்பல. என்னைக்கு நீ எங்கிட்ட பொய் சொன்ன? கூடப் பொறந்தவள நம்பாம, உன்னக் கொண்டுபோய் அந்தச் சந்துல உட்டுட்டேன். மன்னிச்சிக்கோக்கா."

நாற்பத்திரண்டு வயது ஆள், அழுதான். அப்பா போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

பதினாறு. என் நாக்கு நுனிவரை வந்த எண். அதை அப்படியே சொல்லியிருந்தால் இந்த முன்னறையில் இன்றைக்கு என் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவன் மனைவி கழுத்தில் நகை இருக்கும். அவன் அன்றைக்கு நினைத்தது சரி. நான் குறைத்துத்தான் சொன்னேன். இதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது. வாயைத் திறந்தேன். அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற முகத்தோடு என்னையே பார்த்தான்.

"குடுத்துடுடா" என்றேன்.

பின்பக்கத்திலிருந்து ஐஸ்காரர் வந்து, சாவியை எப்போது தருவீர்கள் என்று என்னிடம் கேட்டார்.